அம்மாவோட நாஹாவில் 4 நாள்: கார் கிடையாது, மீன் மட்டும்தான், முட்டுவலி உண்டு. வழி சொல்லுங்க

வேணி (நகோயா)

வணக்கம். ஜப்பான்ல நகோயாவுக்கு வந்து 4 வருஷம் ஆகுது. அம்மா இப்பதான் முதல் தடவையா வந்திருக்காங்க, மார்ச் கடைசி வரை இருப்பாங்க. வயசு 67. ஊரு குளச்சல் பக்கம். அப்பா போன பிறகு அம்மா வீட்டை விட்டு ஒரு வாரத்துக்கு மேல வெளியே தங்கினதில்லை.

இங்கே குளிர் அவங்களுக்கு ஒத்துக்கல. ஹீட்டர் பக்கத்துலயே நாள் கழியுது. போன ஞாயிற்றுக்கிழமை நகோயா துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சிமெண்ட் கரை, கிரேன், தூரத்துல கார் ஏத்துற கப்பல். அம்மா கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னாங்க. அப்புறம், "மக்ளே, இது தொறைமுகம்லா? கடலு எங்க?"ன்னு கேட்டாங்க. ஒரு வாரமா அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகல.

அதனால 2025 பிப்ரவரி கடைசி வாரத்துக்கு தெற்கே ஒக்கினாவா தீவுல இருக்கிற நாஹா நகரத்துக்கு டிக்கெட் போட்டுட்டேன். 4 பகல், 3 ராத்திரி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மா பன்றி, மாடு ரெண்டும் தொட மாட்டாங்க. மீன் இல்லாம சோறு இறங்காது. சமதரையில நல்லா நடப்பாங்க, படி இறங்குறதுதான் கஷ்டம்.

நாஹாவிலேயே தங்கினா கடல் பார்க்க முடியுமா? அங்கே பழைய அரசர்களோட ஷூரி கோட்டை எரிஞ்சு போச்சே, இப்ப போய்ப் பார்க்க என்ன இருக்கு? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அம்மாவோட அங்கே போய் வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

---

ராஜ்குமார் (யோகோஹாமா)

வேணி, நாங்கள் 2023-ல் குடும்பத்தோடு போனோம். என் கருத்து: நாஹாவில் ஒரு இரவு போதும். கொகுசாய் தெரு 1.6 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரிசுப்பொருள் கடை. அதை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். கடல் வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். சுராஉமி மீன்காட்சியகம் நாஹாவிலிருந்து 90 கிலோமீட்டர் அளவு. அங்கே 7,500 டன் தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் திமிங்கலச் சுறா நீந்துகிறது. எங்கள் பிள்ளைகள் அதன் முன்னால் இருந்து எழுந்து வரவே இல்லை. கார் இல்லாவிட்டால் பேருந்தில் ஒரு நாள் சுற்றுலா இருக்கிறது. அதற்கு ஒரு நாள், மான்ஸா முனைக்கு அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

---

செல்வி (ஒன்னா, ஒக்கினாவா)

வேணி, நான் தூத்துக்குடி. கணவருக்கு இங்கே ஒன்னா கிராமத்துல இருக்கிற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துல வேலை. 2018-ல வந்தோம். எனக்கும் கார் ஓட்டத் தெரியாது. அதனால இத்தனை வருஷமா சனிக்கிழமை ஆனா 120-ம் நம்பர் பஸ் பிடிச்சு நாஹா போறேன். காய் வாங்க, மீன் வாங்க, சில நாள் சும்மா நடக்க. ராஜ்குமார் சார் சொன்ன மீன்காட்சியகம் அருமையான இடம்தான், சந்தேகமே இல்லை. ஆனா குளச்சல்ல வளர்ந்த ஒரு அம்மாவுக்கு முட்டுவலியோட போக வர 5 மணி நேரம் பஸ்ல உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னாடி மீனைக் காட்டணுமா? நாஹா ஒரு சாயங்கால ஊர் இல்லை. கொகுசாய் தெருவை மட்டும் பார்த்தா அப்படித்தான் தோணும். அந்தத் தெருவுல இருந்து பக்கவாட்டுல ஒரு திருப்பம் திரும்புங்க, ஊரு அங்கேதான் இருக்கு.

தங்குறதுக்கு மகிஷி இல்லன்னா அசாதோ ஸ்டேஷன் பக்கம் ரூம் பாருங்க. விமான நிலையத்துல இருந்து யூய் ரயில்னு மோனோரயில் வருது. 2003-ல ஆரம்பிச்சது, 2019-ல இன்னும் 4 ஸ்டேஷன் நீட்டினாங்க. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கு. ஒரு நாள் பாஸ் வாங்கினா, வாங்கின நேரத்துல இருந்து 24 மணி நேரம் செல்லும். அதனால மதியம் வந்து இறங்கினாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஒரு ஒக்கினாவா நாட்டுப்பாட்டு மெட்டு போடுவாங்க. ரெண்டாவது நாள்லயே அம்மா மெட்டை வச்சே ஸ்டேஷன் கண்டுபிடிச்சிடுவாங்க. என் மாமியார் அப்படித்தான் பண்ணினாங்க.

முதல் காலை மகிஷி பொதுச் சந்தை. பழைய கட்டடத்தை இடிச்சுட்டு 2023 மார்ச்ல புதுசா திறந்தாங்க. கீழ்த்தளம் முழுக்க மீனும் இறைச்சியும். ஒரு எச்சரிக்கை: பன்றியோட முகத்தோலை முழுசா உரிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க. இங்கே பன்றியில எதையும் வீணாக்க மாட்டாங்க. அம்மாவுக்குச் சங்கடமா இருந்தா இறைச்சிப் பக்கம் போகாம நேரா மீன் பக்கம் திரும்பிடுங்க. நீலமும் பச்சையுமா மின்னுற கிளிமீன், இவங்க பேர் இராபுச்சா. களவா மீனுக்கு மீபாய். சிவப்பா, ரெண்டு கோடு போட்ட சின்ன மீன் குருகுன், அதுதான் இந்த மாகாணத்தோட மீன். கீழே மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தா, மாடியில இருக்கிற சாப்பாட்டுக் கடையில சமைச்சுத் தருவாங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு சமையல் கூலி தனி.

எப்படிச் சமைக்கணும்னு கேட்பாங்க. குருகுனை முழுசா பொரிக்கச் சொல்லுங்க, முள்ளோட மொறுமொறுன்னு தின்னலாம். களவாவுக்கு "மாசு-நி" சொல்லுங்க. மாசுன்னா இவங்க பாஷையில உப்பு. வெறும் உப்புத் தண்ணியில வேக வைக்கிறது, வேற ஒண்ணும் கிடையாது. முதல்ல சாப்பிட்டப்ப எனக்கே நம்பிக்கை வரல, மிளகாய் இல்லாம என்ன மீன்னு. ஆனா அன்னைக்குப் பிடிச்ச மீனுக்கு அதுதான் சரி. சிகுவாசான்னு சின்ன எலுமிச்சை ஒண்ணு தருவாங்க, பிழிஞ்சுக்கோங்க.

சாப்பாட்டுல கவனிக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு. ஒக்கினாவா சோபாங்கிற நூடுல்ஸ் வேண்டாம். கறித்துண்டை எடுத்து வச்சாலும் குழம்பே பன்றி எலும்புல கொதிச்சதுதான். சின்சுகோன்னு ஒரு பிஸ்கட் எல்லாக் கடையிலும் தட்டுல வச்சு ருசி பார்க்கக் கொடுப்பாங்க. அதுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. இது பலருக்குத் தெரியாது, கேட்காமலே சாப்பிட்டுடுறாங்க. கோயா சாம்புரு, அதாவது பாகற்காயும் டோஃபுவும் முட்டையும் போட்ட வறுவல், இந்தத் தீவோட அன்றாடச் சாப்பாடு. ஆனா டப்பாவுல வர்ற பன்றி ஸ்பாமை நறுக்கிப் போட்டிருப்பாங்க. "நிகு நாஷி தே ஒநெகாய்ஷிமாசு", அதாவது இறைச்சி இல்லாம கொடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இங்கே சிலர் ஸ்பாமைத் தனியா "போக்"னு சொல்றதால "போக் மோ நாஷி", போக்கும் வேண்டாம்னும் சேர்த்துச் சொல்லுங்க. எண்ணெய் என்ன எண்ணெய்னும் கேட்டுக்கோங்க.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் சொல்றேன், ஜப்பான்லயே உங்க அம்மாவுக்கு ரொம்பப் பழக்கமா தெரியப்போற சாப்பாடு இங்கேதான். பாகற்காய் இருக்கு. பச்சைப் பப்பாளிக்காயைச் சீவிப் பொரியல் பண்றாங்க. கோடையில பீர்க்கங்காய்க்குச் சொந்தமான நுரைப்பீர்க்கைச் சமைக்கிறாங்க. மஞ்சளை "உச்சின்"னு சொல்றாங்க. ஒக்கினாவாவை அப்ப ஆண்ட ரியுக்யு அரசு அந்தக் காலத்துல மஞ்சள் வியாபாரத்தையே தன் கையில வச்சிருந்தது. இன்னைக்கும் வெண்டிங் மெஷின்ல மஞ்சள் டீ டப்பாவுல கிடைக்கும், சர்க்கரை இருக்காது. பாகற்காய் வறுவல் மேல சீவல் சீவலா ஒண்ணு தூவிக் கொடுப்பாங்க, சூட்டுல நெளியும். முதல் தடவை வாயில போட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மாசிக் கருவாடு. எங்க ஊர்ல மாலத்தீவுல இருந்து தோணியில வந்து இறங்குமே, அதே சூரை மீன், அதே மாதிரி வேக வச்சுப் புகைபோட்டுக் காய வச்சது. எங்க ஆச்சி சம்மந்தியில இடிச்சுப் போடுற வாசம். அம்மாவுக்கு மாசி தெரிஞ்சிருக்கும், நீங்க ஒண்ணும் சொல்லாம முதல்ல சாப்பிட விடுங்க.

சந்தைக்குப் பின்னாடி ஹெய்வா தெரு, மேல கூரை போட்டது. மழை வந்தாலும் நனையாது. பிப்ரவரியில பாதி நாள் மேகமாத்தான் இருக்கும். குளிர் 15, 17 டிகிரிதான், ஆனா காத்து ஊசி மாதிரி குத்தும், காத்தைத் தடுக்க ஒரு மேல்சட்டை கட்டாயம். அந்தத் தெருவுல டோஃபு கடையில சூடா, ஆவி பறக்க டோஃபு விப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச டோஃபு இல்லை. "அச்சிகோகோ"ன்னு சொல்லுவாங்க, சுடச்சுடன்னு அர்த்தம். அப்புறம் ஒக்கினாவா டெம்புரா. டோக்கியோவுல சாப்பிடுற டெம்புராவை மறந்துடுங்க. இங்கே மாவு தடிமனா, உப்புப் போட்டு, அப்படியே நம்ம பஜ்ஜி. மீன் பஜ்ஜி, மொசுகு கடல்பாசி பஜ்ஜி.

கூரைத் தெரு முடியிற இடத்துல சுபோயா, குயவர் தெரு. இங்கே கொஞ்சம் நிதானமா இருங்க. 1682-ல ரியுக்யு அரசு அங்கங்கே இருந்த சூளைகளை எல்லாம் ஒண்ணாக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தியது. நான் இந்தத் தெருவை இவ்வளவு நேசிக்கிறதுக்குக் காரணம் வேற. 1944 அக்டோபர் 10 அன்னைக்கு, ஒரே நாள்ல, அமெரிக்க விமானத் தாக்குதல்ல நாஹாவுல பத்துல ஒன்பது பங்கு எரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் தரைப்போர். போர் முடிஞ்சதும் சனங்க முகாம்ல அடைபட்டிருந்தாங்க, நாஹாவுக்குள்ள யாரையும் விடல. தின்ன ஒரு கிண்ணம் கிடையாது, காலி டின்னுல கஞ்சி குடிச்சாங்க. 1945 நவம்பர்ல நாஹாவுக்குள்ள போக முதல்ல அனுமதி கிடைச்சது குயவர்களுக்குத்தான், நூறு பேருக்குக் கொஞ்சம் மேல. கிண்ணம் செய்யட்டும்னு. அவங்க பின்னாடி குடும்பங்கள் வந்தது, அவங்களை நம்பிச் சந்தை வந்தது. இன்னைக்கு இருக்கிற நாஹா அந்தச் சூளையைச் சுத்தி முளைச்ச ஊர். ஃபேனு காமான்னு பழைய சூளை ஒண்ணு புல் மூடி இன்னும் அங்கேயே இருக்கு. புகை பிரச்சினையால 1970-களில் பலர் யொமிதானுக்குப் போயிட்டாங்க, ஆனா கடையும் சக்கரமும் இங்கே இன்னும் இருக்கு. ஒரு சின்னக் கிண்ணமாவது வாங்கிட்டு வாங்க.

அந்தச் சந்துகள்ல நடக்கும்போது, தெரு நேரா வந்து முட்டுற சுவர்ல, முழங்கால் உயரத்துல, மூணு எழுத்து வெட்டின கல்லு ஒண்ணு பதிச்சிருக்கும். இஷிகாந்தோன்னு பேர். கெட்ட சக்தி நேராத்தான் ஓடும், திரும்பத் தெரியாது, தெரு முட்டுற வீட்டுக்குள்ள புகுந்திடும்னு நம்பிக்கை. அதைத் தடுக்கத்தான் கல்லு. நம்ம ஊர்ல தெருக்குத்து வீட்டு முன்னாடி பிள்ளையார் வைக்கிறோமே, அதே காரணம். அம்மாகிட்ட ஒரு கல்லைக் காட்டிட்டு விட்டுடுங்க, மிச்சத்தை அவங்களே எண்ணிட்டு வருவாங்க.

சாயங்காலம் சகாயெமாச்சி, அசாதோ ஸ்டேஷனை ஒட்டின பழைய சந்தை. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாத இடம். போருக்கு முன்னாடி அந்த மண்ணுல ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஹிமெயுரி மாணவிகள்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ராணுவ மருத்துவமனைக்குத் தாதி வேலைக்கு அழைச்சிட்டுப் போகப்பட்ட பிள்ளைங்க. 222 மாணவிகள், 18 ஆசிரியர்கள். அந்த 240 பேர்ல 136 பேர் திரும்பி வரல. அவங்க படிச்ச பள்ளிக்கூடத்து இடத்துலதான் இப்ப காய்க்கடையும் மீன்கடையும் இருக்கு. பக்கத்துத் தெருவுக்கு ஹிமெயுரி தெருன்னே பேர். நான் அங்கே முதல் தடவை போனப்ப இது தெரியாது. ஒரு பாட்டிம்மா கடையில சின்ன வெங்காயம் மாதிரி இருந்த ராக்கியோவை எடுத்துப் பார்த்துட்டு, காசு எண்ணத் தெரியாம நின்னேன். அவங்க என் உள்ளங்கையில இருந்த சில்லறையைத் தானே எண்ணி எடுத்துட்டு, மேல ரெண்டு பாகற்காயையும் பைக்குள்ள போட்டுட்டு "இச்சாரிபா ச்சோதே"ன்னாங்க. சந்திச்சுட்டா உடன்பிறப்புன்னு அர்த்தம், வீட்டுக்கு வந்து கணவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. கடையில இப்ப மகள் உட்கார்றாங்க.

கோட்டை, கடல் ரெண்டையும் பத்தி ராத்திரி எழுதுறேன், பையன் பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற நேரம்.

---

வேணி (நகோயா)

செல்வி அக்கா, கை கூப்புறேன். மாசியைப் பத்தி அம்மாகிட்ட மூச்சு விடல. சின்சுகோ விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸ்ல ஒருத்தங்க கொண்டுவந்து கொடுத்தப்ப நானே ரெண்டு தின்னிருக்கேன்.

இன்னொண்ணும் கேட்கணும். தெற்கே போர் நினைவிடம் இருக்குன்னு படிச்சேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா? அப்பா போய் 2 வருஷம்தான் ஆகுது. மனசு பாரமாயிடுமோன்னு பயமா இருக்கு.

---

சிவா (ஒசாகா)

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். 2019-ல் அப்பா யப்பானுக்கு வந்து நிண்டவர். அவரைக் கூட்டிக்கொண்டு மபுனி சமாதானப் பூங்காவுக்குப் போனனான். நீங்கள் கேட்டபடியால் எழுதிறன்.

அங்க கடலோரத்தில ஒரு செங்குத்துப் பாறை. அதுக்கு முன்னால கறுத்தக் கல்லுச் சுவர்கள் வரிசை வரிசையா, மடிச்ச தட்டி மாதிரி நிக்குது. 1995 ஜூன் 23-ல் திறந்தது. 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல பேர்கள் வெட்டியிருக்கு. ஒக்கினாவாச் சனம், யப்பான் படை, அமெரிக்கப் படை, கொரியர், தாய்வான்காரர், எல்லாரும். எந்தப் பக்கம் நிண்டவர் எண்டு பாராமல் செத்த எல்லாற்ற பேரும். சில இடத்தில பேர் இல்லை, இன்னாற்ற மூத்த மகன், இன்னாற்ற பிள்ளை எண்டு மட்டும்தான். பேர் வைக்க முதலே செத்த குழந்தைகள், அல்லது பேர் சொல்ல ஆள் மிஞ்சாத வீடுகள்.

அப்பாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு கல்லில கையை வைச்சபடி, "இதுக்குள்ள மற்றப் பக்கத்தான்ர பேரும் இருக்கோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. வாங்கிலில போய் இருந்தார். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பம். என்ர தம்பியின்ர பேர் எந்தக் கல்லிலையும் இல்லை. அண்டைக்கு அப்பா அதைத்தான் நினைச்சவர் எண்டு எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் பாரமா இருக்கும், உண்மை. ஆனால் அங்க அழுகிறது ஆருக்கும் புதினமில்லை. சனம் வந்து பூ வைச்சு, தண்ணி ஊத்தி, கல்லைத் தடவிக் கதைச்சுப் போட்டுப் போகினம். நான் கூட்டிக்கொண்டு போனதையிட்டு ஒருநாளும் கவலைப்படேல்லை. நடக்கிறது சமதரை. உங்கட அம்மாவிட்ட முதலே என்ன இடம் எண்டு சொல்லுங்கோ, அவ முடிவெடுக்கட்டும்.

---

செல்வி (ஒன்னா, ஒக்கினாவா)

சிவா அண்ணா எழுதினதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

வேணி, அண்ணா சொன்ன மாதிரி அம்மாவையே கேளுங்க. போறதா இருந்தா வழி இது: அசாஹிபாஷி ஸ்டேஷனை ஒட்டி நாஹா பஸ் நிலையம். அங்கே 89-ம் நம்பர், இதோமன் வரைக்கும். இதோமன்ல இறங்கி 82-க்கு மாறணும். 82 மணிக்கு ஒண்ணு மாதிரிதான் ஓடும், திரும்பி வர்ற நேரத்தை இறங்கினதும் கம்பத்துல பார்த்துப் படம் எடுத்து வச்சுக்கோங்க. நான் ஒரு தடவை பார்க்காம விட்டு முக்கால் மணி நேரம் காத்துல நின்னேன்.

பூங்காவுக்குப் போனாலும் போகாட்டியும் இதோமனை விட்டுடாதீங்க. இது மீனவர் ஊர். பழைய காலத்துல இந்த ஊர் ஆம்பளைங்க சபானிங்கிற மரப்படகுல தென்கடல் எல்லாம் போய் மீன் பிடிச்சவங்க. தண்ணிக்கு அடியில கண்ணு தெரியறதுக்கு மரச்சட்டத்துல கண்ணாடி வச்சு மூக்குக்கு மேல மாட்டுற கண்ணாடியை 1884-ல கண்டுபிடிச்சது இதோமன் மீனவர்தான். ஆனா நான் சொல்ல வந்தது பொம்பளைங்களைப் பத்தி. புருஷன் பிடிச்சிட்டு வர்ற மீனைப் பெண்டாட்டி காசு கொடுத்து வாங்குவா. கூடையில அடுக்கி, தலையில வச்சு, நாஹா வரைக்கும் நடந்தே போய் வித்துட்டு வருவா. அதுல வர்ற லாபம் அவளோடது, புருஷன் கைவைக்க முடியாது. அந்தப் பணத்துக்கு "வதாகுசா"ன்னு தனிப்பேரே இருக்கு. குளச்சல்ல இருந்து தலைச்சுமடா மீன் கொண்டுபோன அம்மாமாரைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விட என்ன காட்டணும்? இதோமன் மீன் மையத்துல இன்னைக்கும் கடை கடையா பொம்பளைங்கதான் மீன் வெட்டி விக்கிறாங்க.

ஷூரி கோட்டை. 2019 அக்டோபர் 31 விடியக்காலை தீப்பிடிச்சது, அணைக்க 11 மணி நேரம் ஆச்சு. நான் அந்த வாரக்கடைசியில போனேன். ரியூதான் குளத்துக் கரையில சனங்க கும்பலா நின்னு கருகின இடத்தைப் பார்த்துட்டு இருந்தாங்க, சத்தமே இல்லை. 1945-ல கோட்டைக்கு அடியில ஜப்பான் படை தலைமையகச் சுரங்கம் வெட்டியிருந்ததால அமெரிக்கப் படை குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கினாங்க. 1992-ல மறுபடி கட்டினாங்க. அதுவும் போச்சு. இப்ப மறுபடியும் கட்டுறாங்க, 2026 இலையுதிர் காலத்துல முடிக்கிறதா திட்டம். வேலை நடக்கிறதை மூடி மறைக்காம, சனங்க பார்க்கிற மாதிரியே வச்சிருக்காங்க. அதனாலதான் இப்ப போகச் சொல்றேன். முடிஞ்ச அரண்மனையை எப்ப வேணும்னாலும் பார்க்கலாம், தச்சர் வேலை செய்றதை அப்புறம் பார்க்க முடியாது. படி இல்லாத சரிவுப் பாதை இருக்கு. சக்கர நாற்காலி கேட்டா தருவாங்க. பக்கத்துல தாமாஉதுன், 1501-ல கட்டின அரச குடும்பத்துக் கல்லறை, அதையும் பாருங்க. கின்ஜோ கல்பாவின பாதைக்கு மட்டும் போகாதீங்க. ரொம்ப அழகு, ஆனா செங்குத்தா இறங்கும், மழை பெஞ்சா வழுக்கும். அம்மா முட்டுக்கு அது ஆகாது.

இப்ப கடல். நாஹாவுக்குள்ளயே நமினோவேன்னு ஒரு சின்ன மணல்கரை இருக்கு. பாறை மேல கோயில், கீழே கடல். ஆனா எதிர்ல மேம்பாலம் குறுக்க போகும். அதைப் பார்த்தா உங்க அம்மா மறுபடி "கடலு எங்க"ன்னுதான் கேட்பாங்க. கோயிலுக்காகப் போங்க. அதுக்குப் பக்கத்துல சுஷிமா மாரு நினைவு மண்டபம், 1944 ஆகஸ்ட்ல நாஹாவுல இருந்து பாதுகாப்புக்காகப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போன கப்பல் மூழ்கடிக்கப்பட்டதுல 780-க்கு மேல பள்ளிப் பிள்ளைகள் இறந்தாங்க. ஒரே பயணத்துல ரெண்டு துக்க இடம் வேண்டாம்னு தோணினா இதை விட்டுடுங்க.

உண்மையான கடலுக்கு தொமாரி துறைமுகத்துல இருந்து தொகாஷிகி தீவு. வேகப் படகு 40 நிமிஷம்கிட்ட, பெரிய படகு 70 நிமிஷம். பெரிய படகுல போங்க, ஆட்டம் குறைவு. இறங்கி அஹாரென் கரைக்குப் பஸ் இருக்கும். அந்தத் தண்ணியோட நிறத்துக்குத் தமிழ்ல எனக்கு வார்த்தை கிடைக்கல. இந்தத் தீவுக்கூட்டத்துப் பேரால "கெரமா நீலம்"னே பேர் வச்சிருக்காங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் அந்தப் பக்கம் திமிங்கலம் குட்டி போட வரும், வழியில கண்ணுல பட்டாலும் படலாம். ஒரே ஒரு சிக்கல்: பிப்ரவரியில வாடைக்காத்து அடிச்சா படகை நிறுத்திடுவாங்க. அதனால ரெண்டாவது நாளுக்கே வச்சுக்கோங்க. நின்னுபோனா மூணாவது, நாலாவது நாள் கையில இருக்கும். கடைசி நாளுக்கு வச்சு ஏமாந்தவங்களை எனக்குத் தெரியும்.

---

வேணி (நகோயா)

எல்லோருக்கும் நன்றி. போயிட்டு வந்துட்டோம், அதான் எழுதுறேன்.

ரெண்டாவது நாள் படகு நின்னுபோச்சு, காத்து. மூணாவது நாள் ஓடுச்சு. அஹாரென்ல அம்மா செருப்பைக் கழற்றிக் கையில வச்சுக்கிட்டாங்க. மணலை அள்ளிப் பார்த்து, "இது மணலு இல்ல மக்ளே, சிப்பியும் பவளமும் பொடிஞ்சது"ன்னாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் பேசவே இல்லை. நானும் பேசல. திமிங்கலம் பார்க்கல.

பாகற்காய் வறுவல் முதல் வாய் வச்சதும் அம்மா தட்டைக் கிட்ட இழுத்து மோந்து பார்த்தாங்க. "மாசியா இது?" அவ்வளவுதான், செல்வி அக்காவுக்கு வாட்ஸாப்ல போட்டோ அனுப்பச் சொன்னாங்க. இஷிகாந்தோ கல்லு 23 எண்ணினாங்க.

சிவா அண்ணா, மபுனிக்குப் போனோம். என்ன இடம்னு சொன்னதும் "போணும்"னு அம்மாதான் சொன்னாங்க. பேர் இல்லாத அந்தக் குழந்தைகள் பேர்ப்பலகையை நீங்க சொன்னதால தேடினேன், அங்கே இருந்த ஒருத்தர் காட்டித் தந்தார். அம்மா சேலைத் தலைப்பால அந்தக் கல்லைத் துடைச்சாங்க. உங்க தம்பி பேர் என்னன்னு எனக்குத் தெரியாது, அதனால "சிவாவுக்க தம்பி"ன்னு சொல்லி ஒரு பூவும் வச்சாங்க.

திரும்புற வழியில இதோமன். மீன் மையத்துல அம்மா ஒரு களவாவோட செவிளைத் தூக்கிப் பார்த்தாங்க. நான் பதறிப்போய்க் கையைப் பிடிச்சேன், இங்கே தொடக்கூடாதேன்னு. கடைக்கார அம்மா, அவங்களுக்கும் எழுபது இருக்கும், சிரிச்சுட்டு அடுத்த மீனோட செவிளைத் தானே தூக்கிக் காட்டினாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒவ்வொரு மீனா, இது நல்லது, இது நேத்து மீன், ஒருத்தர் தமிழ்ல, ஒருத்தர் ஒக்கினாவா பேச்சுல. எனக்கு வேலையே இல்லை. தலைச்சுமட்டைப் பத்தி நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தம்மா தன் உச்சந்தலையைத் தட்டி, அவங்க அம்மா சுமந்தவங்கன்னு சொன்னாங்க. எங்க அம்மாவும் தன் தலையைத் தட்டிக் காட்டினாங்க. எங்க ஆச்சி மீன் சுமந்தாங்கன்னு எனக்கு அப்பதான் தெரியும். வீட்டுல யாரும் சொன்னதில்லை.

இப்ப நகோயாவுல விடிகாலை 6 மணி ஆனா, டீ போட்டுக்கிட்டே அம்மா கேட்கிறாங்க, "அந்த மீன்காரி இன்னேரம் கடை தொறந்திருப்பாளா மக்ளே?"